ஆயரம்மா டீ குடிப்பதில்லை

என் கணவர் திருத்தணியில் ஒரு சபையின் ஆயர். அதனால் ஊரில் எல்லோருக்கும் நான் ஆயரம்மா. டவுனில் ஒரு ஆலயம், திருவாலங்காடு போகும் பக்கம் நான்கு கிராமங்களில் ஓடு போட்ட சிறிய ஜெபவீடுகள், இவ்வளவுதான் எங்கள் சபை. ஞாயிறு ஆராதனை போக, வாரத்தில் நான்கு நாள் மாலையில் இருவரும் ஸ்கூட்டரில் வீடு சந்திக்கப் போவோம். ஒரு மாலைக்கு ஐந்து வீடு. பேசுவோம், ஜெபம் செய்வோம், கொடுப்பதைச் சாப்பிடுவோம், அடுத்த வீட்டுக்குக் கிளம்புவோம். கல்யாணமான வருடம் நான் ஐம்பத்து நான்கு கிலோ. நாற்பத்தாறு வயதில் எண்பத்து நான்கு. நடுவில் எப்படி ஏறியது என்று நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. ஏறியது, அவ்வளவுதான்.

யோசிக்க வைத்தது ஒரு திருவிருந்து ஞாயிறு. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். வாங்கி முடித்ததும் எழுந்து போனால்தான் அடுத்த வரிசை வர முடியும். அன்று நான் முழங்கால் போட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. வலது முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். என் கணவர் கையில் கிண்ணத்தோடு என் முன்னால் நின்றுகொண்டு, உதடு அசையாமல் "என்னாச்சு?" என்றார். பாடகர் குழு அதே பாட்டின் முதல் அடியைத் திரும்பவும் ஆரம்பித்தது. கடைசியில் இரண்டு பெண்கள் வந்து ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கும்போது அதில் ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். பஜார் தெருவுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருக்கும் பெண் டாக்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். முட்டியைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் மறுபடி உட்கார வைத்தார். சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசல் வரை வந்திருக்கிறது என்றார்.

"ஒரு நாளைக்கு என்ன சாப்பிடறீங்க, காலைல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். காலையில் மூன்று இட்லி. மதியம் கொஞ்சம் சோறு. ராத்திரி இரண்டு சப்பாத்தி.

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்லைங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். "வீடு சந்திக்கப் போறத சொல்லலையே" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. அதை நான் சாப்பாடு என்றே நினைத்ததில்லை, அது ஊழியம். டாக்டர் விடாமல் முந்தின நாளைக் கேட்டார். ஐந்து வீடு, ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டு வீட்டில் க்ரீம் பிஸ்கட், ஒரு வீட்டில் மிக்சர், ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தநாளுக்குச் செய்த கேசரி. வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு வேறு. சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை வைத்துவிட்டு, "இது வாரத்துல நாலு நாளா?" என்று கேட்டார்.

"பண்டிகை வந்தா ஏழு நாளும்" என்றார் என் கணவர்.

எடை குறைக்க மாத்திரை இருக்கிறது, இப்போது ஊசியும் வந்திருக்கிறது என்றார் டாக்டர். "அது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். தேவைப்படறவங்களுக்கு நானே எழுதித் தர்றேன். உங்களுக்கு மூணு மாசம் பழக்கத்தை மாத்திப் பாக்கலாம். குறையலன்னா மருந்து ஆரம்பிக்கலாம். நீங்க சொல்லுங்க."

ஏற்கெனவே காலையில் தைராய்டுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று போடுகிறேன். மூன்றாவது ஒன்று வேண்டாம் என்று பட்டது. ஊசி என்றால் பயமும் உண்டு. பெரிய வைராக்கியம் எதுவும் இல்லை. மூன்று மாதம் பார்க்கிறேன் என்றேன். மாதம் ஒருமுறை மட்டும் வந்து எடை பார்க்கச் சொன்னார். நட என்றார், டீயை விடு என்றார், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடி என்றார்.

நடப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை. பக்கத்துக் கிராமம் மூன்று கிலோமீட்டர். முதல் வாரம் பாதி தூரம் நடப்பேன். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் என் கணவர் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருப்பார், அங்கே ஏறிக்கொள்வேன். அந்தப் பாதி தூரத்துக்குள்ளேயே யாராவது வண்டியை நிறுத்திவிடுவார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கூட நின்றது. "இன்னாம்மா, ஐயா வரலியா? வண்டி ரிப்பேரா? ஏறுங்க" என்பார்கள். நடக்கத்தான் நடக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வீட்டில் சண்டையோ என்று ஒருவர் என் கணவரிடமே கேட்டுவிட்டார். முழு தூரமும் நான் முதலில் நடந்தது ஆடிக் கிருத்திகை அன்று. ரோடு முழுக்கக் காவடி, பஸ் கிடையாது, ஸ்கூட்டரும் நுழைய முடியவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து சேர்ந்த பிறகுதான், வழியில் எங்கும் உட்காரவில்லை என்பது ஞாபகம் வந்தது.

டீயை விடுவது நடப்பதைவிடக் கஷ்டம். ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கினேன். டாக்டர் சொல்லியிருக்கிறார், எடை குறைக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். "சக்கரை கம்மியாத்தான் போட்டுகினு வந்தேன்" என்பார்கள். வேண்டாமென்றால் முகம் மாறும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது என்று செய்தி பரவி, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எனக்காக ஜெபமே ஏறெடுத்தார்கள். இரண்டு பேர் பாகற்காய் சாறு கொண்டுவந்தார்கள். இல்லாத வியாதிக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதற்கப்புறம் விளக்காமல், "வேணாம்மா" என்று ஒரே வார்த்தையில் முடிக்கப் பழகினேன். நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்துக் கிராமத்தில், காலனியில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கரும்பு வெட்டப் போகிறவள். எங்கள் ஐக்கியக் கூட்டத்தில் பாட்டு எடுப்பது அவள்தான், அவள் எடுக்காவிட்டால் கூட்டம் வாய்க்குள்ளேயே முனகும். நாங்கள் போகும்போதெல்லாம் எங்களுக்கென்று வைத்திருக்கும் இரண்டு பீங்கான் கப்பில்தான் டீ தருவாள். ஒன்றின் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் இருக்கும். ஒரு புதன்கிழமை அவள் கப்பை நீட்டினாள். நான் "வேணாம்மா, வயிறு சரியில்லை" என்றேன். அவள் கப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் கணவர் மட்டும் குடித்தார்.

அதே மாலை, மெயின் ரோட்டில் ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். சபைக் கமிட்டியில் இருப்பவர், குரல் பெரியது. பேத்தியின் பிறந்தநாள். தட்டில் கேக்கை வைத்து, "ஆயரம்மா சாப்பிட்டாத்தான் மத்தவங்களுக்குக் குடுப்போம்" என்றார். சாப்பிட்டேன். காபியும் குடித்தேன்.

அதற்கடுத்த மூன்று கூட்டங்களுக்கு அந்தப் பெண் வரவில்லை. காய்ச்சலா, வேலையா என்று கேட்டேன். ஆலயத்தைப் பெருக்கும் அக்கா, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"அதெல்லாம் இல்லிங்க. அவுங்க வூட்ல நீங்க டீ குடிக்கலயாமே. அன்னிக்கே பெரிய வூட்ல கேக்கு துன்னீங்களாம். அங்க பாத்திரம் தேய்க்கறது அவுங்க நாத்தனாருதான்."

எங்களுக்குள் ஜாதி இல்லை என்று சபையில் சொல்வோம். இல்லை என்று சொல்லிக்கொள்ளும் எல்லோருக்கும் யார் எந்தத் தெரு என்பது தெரியும். நான் பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் என்பதும், காலனியில் பிறந்தவள் இல்லை என்பதும் அந்தக் கிராமத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்தத் தெருவில் ஒருவர் வந்து உட்கார்ந்து, கொடுத்ததைத் தொடாமல் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வயிறு சரியில்லை என்பது அந்த அர்த்தத்தை மூடி வைக்க எத்தனையோ பேர் சொன்ன காரணம். நான் அதே வார்த்தையைத் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஹெட்மாஸ்டர் வீட்டில் வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வீட்டில் சொல்லத் தைரியமே தேவைப்படவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். "நான் வந்தா அது ஆயர் வந்த மாதிரி ஆயிடும். நீ தனியா போய்ட்டு வா" என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் நடந்தே போனேன். அவள் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, அடுப்பில் கேழ்வரகு களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கட்டி தட்டும்.

"நடந்தா வந்தீங்க?"

"ஆங்."

"ஒக்காருங்க. டீ போடல. நீங்கதான் குடிக்கமாட்டீங்களே."

"டீ வேணாம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு இங்க வேணாம்னு சொல்லிட்டு, ஹெட்மாஸ்டர் வீட்டுல சாப்பிட்டேன். வயிறு சரியில்லைன்னு சொன்னது பொய். எடை குறைக்கறதுக்காக டீய விட்டிருக்கேன். அவர் வீட்ல மறுக்க பயந்துகினு சாப்பிட்டுட்டேன். தப்பு என்மேல."

அவள் களியை இன்னும் இரண்டு சுற்று கிண்டினாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

"நீங்க வேணாம்னு சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்லிங்க. எத்தினி பேருக்கு ஒடம்பு சரியில்லாம இருக்குது. அங்க துன்னுட்டீங்க பாரு, அதான். நான் ஒங்க எடையப் பத்தியா நெனப்பேன்? வேற நெனச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அந்த வேறு என்ன என்பதை இருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் முகம் இளகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். களியைத் தட்டில் கொட்டி, ஈரக் கையால் உருட்ட ஆரம்பித்தாள். எனக்கு உண்மையாகவே பசித்தது. மதியம் குறைவாகச் சாப்பிட்டிருந்தேன், மூன்று கிலோமீட்டர் நடந்திருந்தேன்.

"எனக்கும் ஒண்ணு குடு" என்றேன்.

"களியா? ஒங்களுக்கு ஆவாது."

"ஏன் ஆவாது? நான் பொறந்த வீட்லயும் களிதான்."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எவர்சில்வர் தட்டில் ஒரு உருண்டையை வைத்தாள். நல்ல தேங்காய் அளவு. மேலே முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றினாள். பீங்கான் கப்பு வைக்கும் பலகைப் பக்கம் அவள் போகவில்லை. அவர்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் தட்டுதான் அது. பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை. மீதியைத் தட்டில் வைத்துவிட்டு எழுவது அந்த வீட்டில் அன்று நடக்கக்கூடாத காரியம் என்பதால் மெதுவாக முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். மணி ஆறரை. வீட்டுக்கு நடந்து வந்த பிறகு ராத்திரிச் சாப்பாடு எனக்குத் தேவைப்படவில்லை. படுக்கும்போது அது தெரிந்தது.

அவள் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கு வந்தாள். பாட்டு எடுத்தாள். கூட்டம் முடிந்து செருப்பைப் போடும்போது, "எங்க தெருவுல இன்னும் ரெண்டு வூட்ல கேக்கறாங்க, ஆயரம்மா எங்க வூட்ல எப்ப களி துன்னுவாங்கன்னு" என்றாள்.

அதிலிருந்து வந்தது எங்கள் ஏற்பாடு. அடுத்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று வெளிப்படையாகச் சொன்னேன். எனக்கு வியாதி இல்லை, எடை அதிகம். இனிமேல் எந்த வீட்டிலும் டீ, காபி, பலகாரம் சாப்பிட மாட்டேன், யார் வீடாக இருந்தாலும் ஒரே மாதிரி. அதற்குப் பதில் சந்திக்கப் போகும் ஒவ்வொரு மாலையும் ஒரே ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிறேன், ஏழு மணிக்குள், நீங்கள் உங்களுக்கு என்ன செய்கிறீர்களோ அது. எந்த வீடு என்பதை நீங்களே முறை போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் சிரித்தார்கள். பிறகு முறைக்குச் சண்டை போட்டார்கள்.

ஹெட்மாஸ்டரிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது. அவர் வீட்டம்மா காபியோடு வந்தபோது வேண்டாம் என்றேன்.

"ஒரு கப் காபியில என்னம்மா ஆயிடும்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஒண்ணும் ஆவாது சார். ஆனா அஞ்சு வீட்லயும் அதான் கேக்கறாங்க. ஒரு வீட்ல குடிச்சா அஞ்சு வீட்லயும் குடிக்கணும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் என் கணவரிடம் மட்டும் பேசினார். முறைப்பட்டியலில் அவர் வீடு வந்தபோது பிரியாணி செய்து வைத்திருந்தார்கள். தினமும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கோதுமை ரவை உப்புமா என்றார் அந்த அம்மா, வெட்கப்பட்டுக்கொண்டு. ஹெட்மாஸ்டருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எடை ஒழுங்காக இறங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மாதம் ஒன்றரை கிலோ. இரண்டாவது மாதம் ஒன்றும் இல்லை. எடை பார்க்கும் மிஷின் மேல் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஷின் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். டாக்டர் தானே ஏறி நின்று காட்டினார். அந்த மாதம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணிக்காய், வாழைத்தார், அதிரசம், கேக் எல்லாம் ஏலம் போனது போக மீதி ஆயர் வீட்டுக்குத்தான் வரும். வெளியே ஐந்து வீட்டில் வேண்டாமென்றவள், மதியம் மூன்று மணிக்கு யாரும் இல்லாத என் சமையலறையில் நின்றபடி அதிரசம் சாப்பிட்டிருக்கிறேன். அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பசிக்கும்போது சாப்பிட்டீங்களா, சும்மா சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். சும்மாதான். அன்று வீட்டுக்கு வந்து, டப்பாக்களில் இருந்ததை ஆலயம் பெருக்கும் அக்காவிடமும் பக்கத்து ஹாஸ்டல் பிள்ளைகளிடமும் கொடுத்து அனுப்பினேன். மதியச் சாப்பாட்டில் பொரியலையும் சுண்டலையும் அதிகமாக்கினேன். அதன் பிறகு மூன்று மணிப் பசி குறைந்தது. போகவில்லை, குறைந்தது.

மூன்றாவது மாதம் மொத்தமாக நாலரை கிலோ குறைந்திருந்தேன். இப்போதைக்கு மருந்து வேண்டாம், இப்படியே போங்கள் என்றார் டாக்டர். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது எழுபத்து மூன்று. நடுவில் கிறிஸ்துமஸில் இரண்டு கிலோ ஏறி, இறங்க மார்ச் மாதம் ஆகிவிட்டது. அதுவும் ஈஸ்டருக்கு முன்னால் நோன்பிருக்கும் தபசு காலம் வந்ததால்தான். ரத்தத்தில் சர்க்கரை பழைய அளவுக்குப் போய்விட்டது. பிரஷர் மாத்திரை அப்படியேதான் இருக்கிறது, தைராய்டு மாத்திரையும். முட்டி மழைக்காலத்தில் வலிக்கும், மற்ற நாட்களில் என் பேச்சைக் கேட்கும். சென்னையில் என் அக்கா, அவளுடைய டாக்டர் சொன்னபடி ஊசி போட்டுக்கொண்டு என்னைவிட அதிகம் குறைத்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது, அவள் கணக்கு வேறு. போனில் இருவரும் கிலோ சொல்லிக்கொள்வோம். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை.

இந்த ஏற்பாட்டில் எடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. பத்தொன்பது வருடம் நான் இந்த ஜனங்களின் வீடுகளில் டீ குடித்திருக்கிறேன். அவர்கள் ராத்திரி என்ன சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. யார் வீட்டில் ஒரு குழம்பை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறார்கள், யார் வீட்டில் ஆண்கள் சாப்பிட்ட பிறகு பெண்களுக்குப் பொரியல் மிஞ்சுவதில்லை என்பதெல்லாம் க்ரீம் பிஸ்கட் தட்டில் தெரியாது. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். சாப்பிட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணியில் ஜனங்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

டாக்டர் அறுபத்தெட்டு வரை வரச் சொல்கிறார். வருவேனா தெரியாது. இந்த வாரம் வியாழக்கிழமை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. போன மாதம் நகரியிலிருந்து கல்யாணமாகி வந்த தெலுங்குப் பெண்தான் அங்கே சமைக்கிறாள். மாமியார் நேற்று போன் செய்தார்.

"ஆயரம்மா, எங்க மருமவ வெக்கற கொழம்பு ரொம்பக் காரம். எனக்கே கண்ணுல தண்ணி வருது. ஒங்களுக்காகக் கொறைக்கச் சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா. உங்களுக்கு எப்படிச் செய்யறாளோ அப்படியே செய்யட்டும்" என்றேன்.

"மோராவது வெச்சிருக்கேன்" என்றார். மோர் சரி என்றேன். ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ரயில்வே கேட் மூடுவதற்குள் பாதையைத் தாண்ட முடியும்.